தொட்டால் இரண்டு நொடி

சின்னப்பாலத்துக் கரையில் அவள் முட்டி போட்டாள்.
படகுக்குள்.
வேதக்கோயிலுக்கு வெளியே
ஒரு பொம்பளை இப்படி முட்டி போட்டு
நாங்கள் பார்த்ததில்லை.

படகு ஒன்பது கிலோ என்றாள்.
நனைந்த பாசிமூட்டை அதைவிடக் கனம்.

பெயர் மெலீன். பிரெஞ்சுக்காரி. நாற்பத்துமூன்று.
எனக்கும் அதேதான்,
ரேஷன் கார்டில் இரண்டு குறையும்.

என் மகள் ஜெனோவா ஆங்கிலத்தில் வாங்கித்
தமிழில் தந்தாள்.
வழியில் கொஞ்சம் சிந்தியிருக்கும்,
கொஞ்சம் அவளே சேர்த்திருப்பாள்.

எனக்கு விளங்கியது இது:
மலையிலிருந்து இறங்குகிற ஆறு.
குறுக்கே கம்பி. கம்பியில்
சோடி சோடியாய்த் தொங்கும் கம்புகள்.
பச்சைக்கம்பு என்றால் தண்ணீர் போகிற போக்கில் போ.
சிவப்பு என்றால் திரும்பு,
வந்த வெள்ளத்தையே எதிர்த்து ஏறு.
துடுப்போ தோளோ கம்பில் பட்டால்
இரண்டு நொடி அபராதம்.
வாசலையே விட்டுவிட்டால் ஐம்பது.

"அம்பது ரூவாயா?" என்றாள் முனியக்கா.

தொட்டால் அபராதம் என்பது
எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.
எதிரே தெரிகிற தீவில் கால் பட்டால்
கண்ணாடி போகும், பை போகும்,
காலில் கட்டியிருக்கிற தகரத்தட்டும் போகும்.
நொடிக்கணக்கில் யாரும் கேட்பதில்லை.

பதினாறு வயதில் நெஞ்சில் முதல் எண்.
முப்பத்தொன்று.
பையன்களோடு ஓட்டினாள்,
பட்டியலில் பேர் ஏறாத ஓட்டம்.
பெண் என்றால் உட்கார்ந்து ஓட்டு,
இரண்டு பக்கமும் அலகுள்ள துடுப்பு பிடி,
ஒலிம்பிக்கில் இடம் உண்டு என்றார்கள்.
அவள் உட்காரவில்லை.

ஏன் என்று ஜெனோவாவைக் கேட்கச் சொன்னேன்.
"முட்டி போட்டாத்தான் தண்ணி தெரியுதாம்மா."

பிறகு ஊர் ஊராய்ப் பந்தயம்.
ஏழாவது. நான்காவது.
பனி உருகிய ஆறு ஒன்றில் மூன்றாவது;
அந்தப் பதக்கத்தை அவள் அண்ணன் பிள்ளை
பல் முளைக்கும்போது கடித்திருக்கிறான்.
இரண்டு முறை தோள் கழன்றது.
ஒருமுறை மணவாளன்.
(இந்த வார்த்தை ஜெனோவாவுடையது.)

முட்டி போடுகிறவளுக்கும் ஒலிம்பிக் திறந்த வருடம்
அவளுக்கு முப்பத்தெட்டு.
நாட்டுக்கு ஒருத்தி.
தேர்வு ஓட்டம், பதினேழாம் வாசல், சிவப்பு.
கம்பு ஆடியது என்றார்கள். இரண்டு நொடி.
ஒன்றரை நொடியில் தோற்றாள்.
தொடவே இல்லை என்கிறாள் இன்றைக்கும்.
கைப்பேசியில் ஓட்டிக் காட்டினாள்.
கம்பு ஆடத்தான் செய்கிறது.
காற்றாகவும் இருக்கலாம்.

அது கச்சான் மாதம்.
பாலத்துக்கடியில் தண்ணீர்
தெற்கிலிருந்து வடக்கே
கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிற வேகத்தில் ஓடியது.
போகாதே என்று வள்ளத்தில் நின்ற சேசுராயன் கத்தினான்.
அவளுக்கு எந்த மொழியில் கத்த வேண்டும்
என்று அவனுக்குத் தெரியவில்லை.

இரண்டு தூணுக்கு நடுவே
சீலா மீன் மாதிரி நுழைந்தாள்.
அவ்வளவுதான் என்று நினைத்தேன்.
துடுப்பை ஓரிடத்தில் ஊன்றினாள்,
படகு அதைச் சுற்றித் திரும்பியது,
எதிர்த்து ஏறித்
தூணின் முதுகுக்குப் பின்னால் நின்றுவிட்டது.
தண்ணீர் தூங்குகிற இடம் அது.
பாருக்குப் பின்னால் அப்படி ஓர் இடத்தில்தான்
நாங்களும் மூச்சு வாங்குவோம்.
அவளுக்கு யார் சொன்னது?

ஆடாத கம்பு, அந்தத் தூண்.
அவள் கையை நீட்டி
உள்ளங்கை முழுக்கப் பதித்துத் தொட்டாள்.
ஒட்டுச்சிப்பி கிழித்து ரத்தம் வந்தது.
எங்கள் பக்கம் திரும்பி
இரண்டு விரலைக் காட்டிச் சிரித்தாள்.
ஜெனோவா வாய் திறக்கவில்லை,
மொழிபெயர்க்க அதில் ஒன்றும் இல்லை.

மறுநாள் தண்ணீர் வற்றம்.
பத்து விரலுக்கும் துணி சுற்றிக்கொண்டே
முனியக்கா கேட்டாள்:
"மொத்தம் எத்தன நொடி போயிருக்கும்டி அவளுக்கு?"
நான் எண்ணத் தொடங்குவதற்குள்
மூச்சைப் பிடித்து முங்கிவிட்டாள்.